நாலு மணி நேரம்

என்னை மலேசியாவுக்குக் கட்டிக்கொடுக்க உம்மாவுக்கு மனமே இல்லை. வாப்பாதான் கணக்குச் சொல்லி மடக்கினார். எங்கள் கடற்கரை ஊரிலிருந்து சென்னைக்குப் போக ராத்திரி முழுக்க பஸ்ஸில் இடுப்பொடிய வேண்டும். திருச்சியில் விமானம் ஏறினால் கோலாலம்பூர் நாலே மணி நேரம். "சென்னையில கொடுத்தாத்தான் தூரம்" என்றார். உம்மா தலையாட்டிவிட்டார்.

நானும் அதையே பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி மலேசியாவில் புக்கிட் ரோத்தானுக்கு வந்தேன். அங்கே என் மாப்பிள்ளையும் நானும் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு வரும், செம்பனைக் குலை ஏற்றும் லோரி டிரைவர் ஒருவர், ஊர் ரொம்பத் தூரமா என்று கேட்டார். நாலு மணி நேரம் என்றேன். "இங்கேருந்து ஜோகூர் போறதும் அவ்வளவுதான் லா" என்று அவர் ரொட்டியைப் பிய்த்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கடையிலிருந்து விமான நிலையம் போகும் நேரம், அங்கே முன்கூட்டியே போய்க் காத்துக் கிடக்கும் நேரம், திருச்சியிலிருந்து ஊருக்குப் போகும் ரோடு, இதையெல்லாம் நாங்கள் யாரும் அந்தக் கணக்கில் சேர்த்ததே இல்லை. கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் போகிறவளுக்கு அரை நாள் முந்தினால் என்ன, பிந்தினால் என்ன.

போன வருஷம் ஒரு காலை, கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில் ஊரிலிருந்து காக்கா போன் செய்தார். எனக்கு மூத்தவர், ஒரே அண்ணன். வாப்பா மௌத்தாகிவிட்டார் என்றார். எங்களில் மையித்தை வைத்திருக்க மாட்டார்கள். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அடக்கிவிடுவார்கள். எவ்வளவு நேரத்தில் வருவாய் என்று கேட்டார். அழுகைக்கு நடுவே என் வாயில் வந்தது அந்தப் பழைய பதில்தான். அவரும் அழுதுகொண்டே அதை நம்பினார். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசலில் அறிவித்துவிட்டார்கள்.

மதிய விமானத்தில்தான் இடம் கிடைத்தது. அதுவும் தாமதமாகக் கிளம்பியது. பறந்தது என்னவோ நாலு மணி நேரம்தான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. திருச்சியில் இறங்கி, வரிசையில் நின்று, கார் பிடிக்கும்போது அஸர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. வழியெல்லாம் டிரைவரை விரட்டினேன். பாவம், அந்த மனிதர் என்ன செய்வார்.

புதுக்கோட்டை தாண்டும்போது காக்கா மறுபடி கூப்பிட்டார். வாப்பாவைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, எனக்காக முகத்தை மட்டும் மூடாமல் வைத்திருக்கிறார்களாம். இனியும் வைத்திருப்பது அழகில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்களாம்.

"நீ சொல்லும்மா. மஃரிபு வரைக்கும் வைக்கச் சொல்லிப் பாக்கவா?"

பொழுது சாய்ந்ததும் வரும் மஃரிபு தொழுகைக்கும் என்னால் போய்ச் சேர முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாரையும் காக்க வைக்காத மனிதர் வாப்பா. பஸ் வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே போய் நிற்பார், கூட வருகிற எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். அவரைப் போய்க் காக்க வைத்திருக்கிறேனே.

"மூடிருங்க காக்கா" என்றேன்.

வீட்டுக்குப் போனபோது, அடக்கிவிட்டு வந்த ஆண்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வழி விட்டு எழுந்தார்கள். உள்ளே உம்மா வெள்ளைப் புடவையில் சுவரோடு சாய்ந்திருந்தார். மடியில் விழுந்தேன். அவர் அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"நாலு மணி நேரம்னுதானேம்மா வாப்பா சொன்னாரு?"