வெள்ளிப் பாதமும் ஒரு பருக்கைப் பொங்கலும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாகத் தயங்கினேன். என் மனைவிதான் தடுத்தாள். "எழுதினா சாமி பேரு கெட்டுடும்ங்க" என்பாள். நானும் பேனாவை மூடி வைத்துவிடுவேன். அதிகம் படித்தவனும் இல்லை நான். முருகன் துணையிருந்தால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவேன்.

அவளுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. வலது பாதத்தில் வந்த புண் ஆறவே இல்லை. அடுத்த சோதனைக்குள் இனிப்பு இறங்காவிட்டால் காலில் கத்தி வைக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே அவள் பினாங்கு மலைக்கோயிலுக்கு வெள்ளிப் பாதம் செலுத்துவதாக நேர்ந்துகொண்டாள்.

எங்கள் ஊர் பெம்பானிலிருந்து காரில் கிளம்பினோம். நான் ஓட்டினேன், அவள் பக்கத்தில், பின்னால் என் அக்கா. வழிச் சாப்பாடு முழுவதும் வீட்டிலிருந்தே. அடுக்குத் தூக்கில் கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை, அவித்த கடலை. கொல்லையில் அறுத்த வாழை இலை, எவர்சில்வர் டம்ளர். தின்ற குப்பையை வீட்டுக்கே திருப்பிக்கொண்டுவர ஒரு துணிப்பை. பிளாஸ்டிக்கில் கட்டிய எதையும் அவள் தொடுவதில்லை. சாமி கொடுத்த மண்ணில் கண்டதையும் வீசக்கூடாது என்பாள்.

ஆயர் குரோவில் நெடுஞ்சாலை ஏறியதுமே அக்கா ஆரம்பித்துவிட்டது.

"ஏம்மா, கோயிலுக்குப் போறோமா, ஆஸ்பத்திரி வார்டுக்குப் போறோமா? இந்த அடையைப் பார்த்தா முருகனே மலையிறங்கி ரொட்டி சானாய் கேப்பாரு லா."

"உங்களுக்கு வேணும்னா அடுத்த ஆர் அண்ட் ஆர்ல வண்டி நிக்கும்போது ரொட்டியைப் பொட்டலம் கட்டித் தாப்பாவ் பண்ணிக்குங்கக்கா. காலு என்னோடது."

அக்கா சிரித்துக்கொண்டே ரெண்டு அடையை வாங்கித் தின்றது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். நேர்த்திக்கடனுக்குப் போகும்போது வழியில் தெரிந்த கோயில்களில் எல்லாம் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் போவோம். முதல் கோயிலில் தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். நெய் வடிந்தது. அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு முழுவதும் சாப்பிட்டாள்.

"ஏம்மா, இது இனிப்பாச்சே" என்றேன்.

"பிரசாதம் உடம்புக்கு ஒண்ணும் செய்யாதுங்க."

நானும் அப்படி நம்பியவன்தான். அடுத்த கோயிலில் பஞ்சாமிர்தம், அதற்கடுத்ததில் கேசரி. அடையோடு சீனி போடாத தேநீர் குடித்தவள், ஒரு கோயிலிலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வீட்டிலும் வெள்ளிக்கிழமை தவறாமல் இதே கதைதான். ஒரு பயணத்துப் பொங்கலால் கால் போய்விடாது என்பது எனக்கும் தெரியும்.

பினாங்கில் அவளால் படி ஏற முடியவில்லை. வெள்ளிப் பாதத்தை நான் மேலே கொண்டுபோய் உண்டியலில் போட்டேன். மலைக்குக் கீழே ஒரு சின்னக் கோயில். அங்கே இலையில் பொங்கல் வைத்த வயதான பூசாரி அவள் காலில் இருந்த கட்டைப் பார்த்தார்.

"இனிப்புநீரா தாயி?"

"ஆமாங்க சாமி."

"அப்போ ஒரு பருக்கை வாயில போட்டுக்க. மிச்சத்தை யாருக்காச்சும் குடு. முருகன் கோவிச்சுக்க மாட்டான்."

அவள் ஒரு பருக்கை மட்டும் வாயிலிட்டு, இலையை அக்காவிடம் நீட்டினாள். பூசாரி சொன்னது அக்கா காதில் விழவில்லை. முகம் சுருங்கிப்போயிற்று.

"சாமி சோத்தையா வேணாங்கிற?"

ஊருக்குத் திரும்பினோம். தூக்கில் மிஞ்சிய அடை ஊசிப்போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதைக் கொல்லையில் புதைத்தாள்.

சோதனையில் இனிப்பு இறங்கவில்லை. முதலில் விரல்கள் போயின. பிறகு முழங்காலுக்குக் கீழே. பிரசாதத்தை மறுத்ததால் முருகன் காலை எடுத்துக்கொண்டான் என்று சொந்தக்காரர்களிடையே பேச்சு பரவியது. நான் உண்மையைச் சொல்லப்போனால் அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். பிரசாதத்தின் மேல் பழி வருவதைவிடத் தன்மேல் வரட்டும் என்று விட்டுவிட்டாள். அக்கா வந்தாலும் அவள் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை.

போன மாதம் எங்கள் கோயிலில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பொங்கலைக் குவித்து வைத்தார்கள். அவளுக்கும் இனிப்புநீர். கொஞ்சம் போதும் என்று கெஞ்சினாள். பரிமாறிய அம்மா விடவில்லை.

"முழுசா சாப்பிடு புள்ள. இல்லாட்டி அந்த அக்கா மாதிரி காலு போயிடும்."

சக்கர நாற்காலியில் என் மனைவி பின்னால்தான் இருந்தாள். அந்தப் பெண் அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பயந்து பயந்து கடைசிப் பருக்கை வரை தின்றது. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி நாற்காலியைச் சாமியறைக்கு உருட்டினாள். விளக்கேற்றிவிட்டுச் சொன்னாள்:

"எழுதிடுங்க."

எழுதிவிட்டேன். படிக்கிறவர்கள் உங்கள் கோயிலில், உறவில் இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். கூட்டிச் சொன்ன கதையால்தான் அந்தப் பெண் அன்றைக்குத் தின்றது. என் மனைவி எந்தக் கோயிலிலும் பிரசாதத்தை மறுக்கவில்லை. வாங்கினாள், முழுவதும் சாப்பிட்டாள். ஒரு பருக்கையோடு நிறுத்தியது கடைசிக் கோயிலில் மட்டும்தான். அதையும் ஒரு பூசாரிதான் சொன்னார்.