‘ஈ’ என்று முடிந்த சொற்கள்

வேலை கிடைத்த அன்று சாயங்காலம் பெரிய மாமா பொன்னேரி வீட்டுக் கூடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, “டிரெய்னி” என்று ஒரே ஒரு சொல்லைச் சொன்னார். என் கணவரின் அண்ணன் அவர். அப்போதே பாதித் தலை நரைத்திருந்தது. ரங்கூனில் ஒரு வக்கீலிடம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர், அறுபதுகளின் நடுவில் அங்கிருந்த நம்மவர்களின் பிழைப்பு போனபோது ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறி எங்களிடம் வந்து சேர்ந்தார். பல இடங்களில் அலைந்த பிறகு கும்மிடிப்பூண்டி போகும் சாலையில் புதிதாக வந்திருந்த கம்பி ஆலையில் ஸ்டோர் கணக்கு எழுத எடுத்துக்கொண்டார்கள். “இந்த வயசுல இன்னாண்ணா டிரெய்னிங்கு?” என்று என் கணவர் கேட்டார். “டிரெய்னின்னா லீவு கெடையாது, பி.எஃப். கெடையாது. அதுக்குத்தான் அப்டி ஒரு பேரு வச்சிக்கினு இருக்கானுங்க,” என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

சாப்பிடும்போது அவரே மறுபடி அந்தச் சொல்லை எடுத்தார். ‘ஈ’ என்று முடிகிற இங்கிலீஷ் வார்த்தைகள் முன்காலத்து இங்கிலாந்துக் கோர்ட்டுகளிலிருந்து வந்தவையாம். அங்கே பிரெஞ்சில்தான் வழக்காடினார்களாம். ‘அர்’ என்று முடிந்தால் செய்கிறவன், ‘ஈ’ என்று முடிந்தால் செய்யப்பட்டவன். டிரெய்னர் பழக்குவான், டிரெய்னி பழக்கப்படுவான். வேலை கொடுப்பவன் எம்ப்ளாயர், அவன் கையில் இருப்பவன் எம்ப்ளாயி. வக்கீல் ஆபீசில் இருபது வருடம் பத்திரம் எழுதிய கை அல்லவா! யுத்த காலத்தில் குண்டுக்குப் பயந்து பர்மாக் காட்டு வழியே நடந்து வந்தபோது அவரை ‘எவாக்குயீ’, அதாவது வெளியேற்றப்பட்டவன், என்று எழுதிக்கொண்டார்களாம். யுத்தம் முடிந்து திரும்பிப் போய், இரண்டாம் முறை வந்து இறங்கியபோது ஊரே ‘ரெஃப்யூஜி’ என்றது. “எப்பவும் யாரோ எனக்குச் செஞ்ச மாதிரியேதாம்மா இருக்குது,” என்றார். தமிழில் ‘ஈ’ என்றால் கொடு என்று அர்த்தம், அதுவும் தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்கும்போது சொல்வது என்று பள்ளியில் இலக்கணப் பாடத்தில் படித்தது எனக்கு நினைவு வந்தது. சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, “ரெண்டும் ஒண்ணுதான் போல,” என்றார்.

விடிவதற்குள் எழுந்து அவருக்கு டிபன் கட்டிக் கொடுத்து, காலை பாசஞ்சருக்கு அனுப்புவது என் வேலையாகிவிட்டது. மூன்று வருடம் அப்படிப் போனது, அவர் டிரெய்னியாகவே இருந்தார். அவர் காத்திருந்தது சம்பளத்துக்காக மட்டும் அல்ல. பெரியக்கா, அதாவது அவர் மனைவி, படுத்த படுக்கையாகக் கிடந்த தாயைவிட்டு வர முடியாமல் ரங்கூனிலேயே தங்கிவிட்டிருந்தார். நிரந்தர வேலை கிடைத்ததும் வீடு பார்த்துக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர் மாமா. நிரந்தரமாகவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. கேட்டால், “தம்பி ஊட்ல ஒண்டினு இருக்கறவன், அவளையும் கூப்ட்டு எங்க வைப்பேன்?” என்பார்.

அந்தத் தாய் இறந்துவிட்டாள், பெரியக்கா அடுத்த கப்பலில் வருகிறார் என்று ரங்கூனிலிருந்து வந்த ஒருவர் மூலம் சேதி கிடைத்தது. மாமா மேனேஜரிடம் லீவு கேட்டார். டிரெய்னிக்கு ஏது லீவு என்று சொல்லிவிட்டார்கள். நிரந்தரம் செய்வதைப் பற்றிப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. என் கணவர், “நீ வேலைக்குப் போண்ணா. நான் போயி அண்ணியக் கூட்டினு வர்றேன்,” என்றார். மாமா தலையாட்டினார். மறுநாள் டிபனை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனவர், கும்மிடிப்பூண்டி வண்டியை விட்டுவிட்டு மெட்ராஸ் வண்டியில் ஏறிவிட்டார். கப்பல் தாமதம். நாலு நாள் துறைமுக வாசலிலேயே கிடந்திருக்கிறார். அவர் பெரியக்காவோடு வீட்டுப் படியேறியபோது, ‘அப்சென்டீ’ என்று பெயரைப் போட்டு ஆலை வாசலில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. வேலை போனது. “அந்த ஒரு வார்த்த மட்டும் வேற ஜாதிம்மா. தானே போனவன்னு அர்த்தம். யாரும் செய்யல,” என்று என்னிடம் சொன்னார். அதில் ஒரு பெருமை இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்போது எனக்கு உலையில் இன்னொரு பிடி அரிசி சேர்த்துப் போட வேண்டும் என்பதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு நிலையான வேலை அமையவில்லை. ஆரணியில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதினார், அதுவும் அறுவடைக் காலத்தில் மட்டும். கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் பெருகி, தெரிந்த பையன்களெல்லாம் நிரந்தரமாகி வீடு கட்டினார்கள். கைச்செலவுக்கு முடை வரும்போதெல்லாம் என் கணவர், “நான் போயி கூட்டினு வந்துருப்பேனே, இன்னா கொறஞ்சிருக்கும்?” என்று அதே பேச்சை எடுப்பார். பெரியக்கா எழுந்து உள்ளே போய்விடுவார்.

மாமாவும் என் கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் பெரியக்காவும் நானும்தான் மிச்சம். போன மழைக்காலத்தில் ஒருநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே அவர் அந்தத் துறைமுகத்தைப் பற்றிச் சொன்னார்.

“அத்தன வருசமா கூப்புடாத மனுசன், இனிமே நான் அவருக்கு வாணாம்னு நெனச்சிக்கினுதான் கப்பல் ஏறினேன். எறங்கற எடத்துல கட்டின கயித்துக்கு அந்தப் பக்கம் அவரு நிக்கலன்னா, கும்பலோட அகதி முகாம் லாரில ஏறிடறதுன்னு முடிவு. ஒன் ஊட்டுக்காரர் மட்டும் வந்து நின்னிருந்தா, என்னக் கண்டே இருக்க மாட்டார்.”

“மாமாகிட்ட இத சொன்னீங்களாக்கா?” என்று கேட்டேன்.

“எப்டிச் சொல்றது? அவர நான் நம்பலன்னு ஆயிடாதா?” என்றார். பிறகு காம்புகளை ஒதுக்கிவிட்டுக் கீரையை என் பக்கம் நகர்த்தினார்.