ஸ்பாமில் தேடியவர்

தென்காசியில் என் கம்ப்யூட்டர் சென்டருக்கு வருகிற அவர் பட்டாளத்தில் இருந்தவர். உட்காருமுன் துண்டால் திரையைத் துடைப்பார். வெளிநாட்டு வேலைக்குப் போன மகனிடமிருந்து போன் நின்றுபோனதும், அவனை அந்த வேலைக்கு அழைத்திருந்த மெயிலைக் காட்டினார்.

மெயில் முழுவதையும் செலக்ட் செய்தேன். வெள்ளைத் திரையில் வெள்ளை எழுத்தாக மறைத்திருந்த சம்பந்தமில்லாத சொற்கள் தெரிந்தன. அனுப்பியது கம்பெனி பெயரில். பதில் போகும் முகவரியோ வேறு.

“இதையெல்லாம் பார்த்தா மோசடி மெயிலுன்னு ஸ்பாம்லல்லா தள்ளியிருக்கணும், அண்ணாச்சி.”

“அங்கனதான் கெடந்துச்சு. நல்ல மெயில் தப்பாப் போயிட்டுன்னு நாந்தான் தம்பி எடுத்து அவன்ட்ட காட்டுனேன்.”

அன்றிலிருந்து சாரல் மழையிலும் தினமும் வருகிறார்.

“ஸ்பாமத் தொற தம்பி. அவன் எங்கயிருந்தாவது மெயில் போட்டா, அதையும் இதுலதான தள்ளும்?”

லாட்டரி மெயில்களைக்கூடக் கடைசி வரிவரை படிக்கிறார்.