கிறிஸ்டோபரின் சத்தமில்லாத வண்டி

செவிலிமேடு கிறிஸ்டோபர் பல வருடம் அடுத்தவர் வண்டிகளை ஓட்டினார். எல்லாம் டீசல். அந்தச் சத்தத்தோடு போட்டி போட்ட பழக்கத்தில் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். போன வருடம் சொந்தமாக எலக்ட்ரிக் கார் வாங்கியதும் குரல் தானாக இறங்கியது.

"இப்பத்தான் வீட்ல மனுசன் பேசற மாதிரி இருக்குது" என்றாள் மனைவி எஸ்தர்.

டாக்ஸி ஸ்டாண்டில் யாரும் மெச்சவில்லை. வெங்கடேசன் வைத்திருந்தது ஹைபிரிட் கார்.

"என்துல பேட்டரி படுத்தா பெட்ரோல் இழுக்கும். உன்துல படுத்தா நீதான் தள்ளணும். கோயில் கோயிலா ஊருக்குள்ளயே சுத்துடா, போதும்."

அதனால்தான் வேலூர்ப் பக்கத்துத் தணிகாசலத்தின் சவாரி பெரிதாகப் பட்டது. அவர் மகள் தீபிகாவுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்கக் காலையில் அழைத்துவந்து, மாலையில் கொண்டுபோய் விட வேண்டும். நல்லபடியாக முடிந்தால் கல்யாணச் சவாரியும் கிறிஸ்டோபருக்குத்தான். வழியில் நின்றால் ஸ்டாண்டில் தலைகாட்ட முடியாது.

யோசிக்காமல் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டுக்கடையில் அரை மணி என்றால் அரை நாள். அவர்கள் புடவை பார்க்கும் நேரத்தில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

கெடுத்தது அவர் வாய்தான். கடை வாசலில் இறங்கிய தணிகாசலம் வெயிலுக்கு முகம் சுளித்தார்.

"வேணும்னா இங்கயே உக்காருங்க சார். வண்டி நின்னாலும் ஏசி ஓடும். புகை கிடையாது, சத்தம் கிடையாது."

உள்ளே பத்தாவது புடவை விரிந்ததும் தணிகாசலம் திரும்பி வந்து ஏசியில் உட்கார்ந்தார். பின்னாலேயே மைத்துனர் குமரகுரு. மாப்பிள்ளை வீட்டார் தனி வண்டியில் வந்திருந்தார்கள். அதன் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் அப்பாவும் சித்தப்பாவும் வந்து கண்ணாடியைத் தட்டினார்கள். நெருக்கியடித்து உட்கார்ந்ததும் சம்பந்திகளுக்குப் பேச்சு பிடித்துக்கொண்டது. மழை, மகசூல், முட்டிவலி. யாரை இறக்கிவிட்டுச் சார்ஜ் போடப் போவது? கிறிஸ்டோபர் வெயிலில் நின்று, பேட்டரி இறங்குவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் பையோடு வெளியே வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. காமாட்சியம்மனிடம் புடவையை வைத்துக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புவதாக ஏற்பாடு. பேட்டரியில் இருபது சதவீதம்தான் மிச்சம். வேலூர்வரை தாங்காது.

கிளம்பிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு சொல்லிவிட்டார்.

"சார், ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டாத்தான் ஊர் போய்ச் சேரலாம்."

"காலையில என்னமோ பெருமையா சொன்னியேப்பா?"

"சொன்னேன் சார். நாலு பேருமா உக்காந்து வேலூர் போற கரண்ட்ட குளிராவே குடிச்சிட்டீங்க."

குமரகுரு சிரித்துவிட்டார். தணிகாசலம் சிரிக்கவில்லை. கல்யாணச் சவாரி கைவிட்டுப் போவது கிறிஸ்டோபருக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

"அப்பா" என்றாள் தீபிகா. "புடவைய இன்னும் அம்மன்கிட்ட வெக்கல இல்ல?"

"அதுக்கென்ன?"

"வெச்சுட்டா மாத்தக்கூடாதுன்னு சொல்வீங்க. இப்ப ஒரு மணி நேரம் இருக்குது. அந்த அரக்குக் கலர இன்னொரு தடவ..."

கிளிப்பச்சையைத் தேர்ந்தெடுத்தவள் அத்தை பூவம்மாள். "என் பச்சைக்கு என்னாடி குறைச்சல்?"

"எனக்கும் அரக்குதான் புடிச்சுது" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "நீங்க ஆசையா சொல்லிக்கினு இருந்தீங்களேன்னு வாயத் தொறக்கல."

பூவம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடிப்பாவிங்களா! காலையிலயே சொல்றதுக்கு என்னா?"

பெண்கள் மறுபடி கடைக்குள் போனார்கள். ஏசியில் உட்கார வண்டி இல்லாததால் ஆண்களும் போக வேண்டியதாயிற்று.

சார்ஜ் போட்டுத் திரும்பியபோது பையைத் தணிகாசலமே மார்போடு அணைத்து வைத்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"அந்த அரக்க தோள்ல போட்டுக் காட்டுச்சுபா கொழந்த. நான் உள்ள போவலன்னா பாத்திருக்க மாட்டேன்."

கோயில் முடிந்து கிளம்பினார்கள். பூவம்மாளே ஏசியை அணைக்கச் சொன்னாள். ஒவ்வோர் ஊர் தாண்டும்போதும் தணிகாசலம் "எவ்ளோ இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் முதலில் ஒரு பிளக் பாயின்ட்டைக் காட்டினார்.

"சொருகிட்டு சாப்ட வா. கல்யாணத்துக்கும் நீதான். மாப்பிள்ள வீட்டாளுங்ககிட்ட மட்டும் ஏசி பேச்சே எடுக்காத."

இரண்டாவது தோசையில் போன் அடித்தது. வெங்கடேசன்.

"எங்கடா நிக்கற? கயிறு கொண்டாந்து இழுக்கவா?"

"சாப்டுக்கினு இருக்கேன்டா" என்றார் கிறிஸ்டோபர். "வண்டியும் சாப்டுக்கினு இருக்குது."