சீட்டக்காவின் நாற்காலி

பார்சல் ஆபீஸின் பின்பக்கக் குடோனில், பிரிண்டருக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. எல்லோருக்கும் அவர் சீட்டக்கா. இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய வலது காலை இரும்புப் பட்டையில் பூட்டிக்கொண்டு வருவார். முன்னால் புக்கிங் கவுண்டரில் தட்டினால் பின்னால் சீட்டு அச்சாகும். அதைக் கிழித்துப் பார்சலில் ஒட்டி, எந்த லாரி என்று கை காட்டுவார்.

அங்கே நெட்வொர்க் உண்டு, இன்டர்நெட் கிடையாது. புக்கிங் புரோகிராம், கணிப்பொறிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஐபிஎக்ஸ் என்ற பழைய பாஷையைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காது. அதை எழுதியவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரியான நான் கணிப்பொறிகளைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தபோது, அந்தப் பாஷை என் பாடப்புத்தகத்தில் வெறும் அரைப் பக்கம்.

கவுண்டர் கணிப்பொறி செத்துப்போய்ப் புதிது வந்தது. அதில் பழைய பாஷையை ஏற்றினேன். புக்கிங்கையெல்லாம் வாங்கிப் பிரிண்டருக்கு அனுப்பும் தலைமைக் கணிப்பொறியான சர்வரோடு ஒருநாள் பேசியது. மறுநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மேனேஜர் குடோனுக்கு வந்தார்.

"சனிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா சீட்டெல்லாம் கவுண்டர்லருந்து கையிலதாம்மா கொண்டு வரணும். லாரிங்களுக்கு நடுவுல நீங்க எத்தன தடவ நடப்பீங்க? வேற ஆளப் போட்டுக்கறேன். உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காகன்னா நாற்காலிய மட்டும் விட்டுடுங்க சார்."

"இப்படிப் பிடிவாதம் பிடிச்சா எப்படி?"

"ஒத்தக்கால்ல நிக்கறது எனக்கென்ன புதுசா?"

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் போய்விட்டார்.

அன்றிலிருந்து அக்கா எல்லோருக்கும் முந்தி வந்து கவுண்டர் அருகிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, கவனிச்சியா? காலைல கம்ப்யூட்டருங்களுக்கு ஸ்விட்ச் போடறப்ப வாட்ச்மேன் சில நாள் புதுசத்தான் மொதல்ல போடறாரு. அன்னிக்கெல்லாம் வம்புதான்."

"புதுப் பொண்டாட்டி மாதிரி தாங்கறேன், அதுவும் குத்தமா?" என்றார் வாட்ச்மேன்.

"பழசு காதுல விழப்போகுது."

எனக்குப் பொறி தட்டியது. பாஷை ஒன்றுதான், ஆனால் சேதியை வைத்து அனுப்பும் உறையை மடிக்கப் பல விதம் உண்டு. புதிது விழித்ததும் மற்றவை எப்படி மடிக்கின்றன என்று நோட்டம் பார்க்கும். எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தால் தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அது அனுப்பும் உறையைச் சர்வர் பிரிக்காது. 'தானாகத் தேர்ந்தெடு' என்றிருந்ததை மாற்றி, சர்வரின் மடிப்பையே கையால் குறித்தேன். "இந்தப் படிப்பு சோறு போடுமா?" என்று என் அப்பாவிடம் கேட்டவர்கள் அப்போது பக்கத்தில் இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை அக்கா மேனேஜரை விடவில்லை.

"நீங்களே போடுங்க சார். புதுசு மொதல்ல."

போட்டார். சர்வரை நான் அப்புறம்தான் எழுப்பினேன். அதற்குள் அக்கா குடோனை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார். லாரிகளுக்கு நடுவே இரும்புப் பட்டை தட்டும் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. மேனேஜர் தன் பெயருக்கே ஒரு பார்சல் புக் செய்து, பொத்தானை அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இன்டர்காம் அடித்தது.

"சார், சீட்டு வந்துருச்சு. ஆனா எடை போடாம புக் பண்ணிருக்கீங்க. இத லாரில ஏத்த முடியாது."