ஜீப் மாமா பார்த்த புலி

அந்தப் புகைப்படத்தில் மிருகம் எதுவும் இல்லை. செம்மண் தரை, முள்செடிகள், குடை விரித்தாற்போல் தலை பரந்த ஒரு மரம், அதன் பக்கத்தில் கூரையை மேலே தூக்கி நிறுத்திய ஒரு வெள்ளை வேன். வேனில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி ஜீப் மாமா நிற்கிறார். வேனின் முன்பகுதி படத்துக்கு வெளியே போய்விட்டது; நம்பர் பலகை தெரியாது. 2002 செப்டம்பரில், உத்தமபாளையத்தில் அவர் வீட்டு முன்னறையில், அவர் இதை என் கையில் கொடுத்தபோது நான் முதலில் தேடியது அந்த நம்பரைத்தான். பிறகு மரத்தைப் பார்த்தேன். ஆண்டிபட்டியிலிருந்து மயிலாடும்பாறை போகிற வழியில் இதே செம்மண்ணையும் இதே போன்ற குடைவேல மரத்தையும் பஸ் ஜன்னல் வழியாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆப்பிரிக்கா என்றார் மாமா. நான் தலையாட்டினேன். நம்பவில்லை.

நம்பாமல் இருப்பது என் பிழைப்பு. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவன் நான். ஒருவர் தன் நிலம் என்று சொன்னால் மூலப்பத்திரம் கேட்போம். மூலப்பத்திரம் கொடுத்தால் அதற்கு முந்தைய பத்திரம் கேட்போம். எல்லாம் கொடுத்தாலும் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். வேலை இல்லாத நேரத்தில் இந்தப் பள்ளத்தாக்கின் விவரங்களை டைரியில் எழுதி வைப்பேன். எந்த வருஷம் பெரியாற்றுத் தண்ணீர் பிந்தி வந்தது, எந்த மழையில் மலைப்பாதை அடைபட்டது என்று ஊரில் தகராறு வந்தால் என்னிடம்தான் வருவார்கள். நூலகத்தில் காட்டு விலங்குகளைப் பற்றிய புத்தகங்களையும் விட்டு வைத்ததில்லை. என் பேச்சுக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் நடந்ததெல்லாம் அந்த மதிப்பினால்தான்.

ஜீப் மாமா என் அம்மாவுக்குச் சின்னம்மா மகன். முப்பது வருஷத்துக்கு மேல் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டியவர். காலையில் மேலே போனால் பொழுது சாயக் கீழே வருவார். தோட்டத்தில் பேசுவது மலையாளம், ஜீப்புக்குள் பேசுவது தமிழ். இரண்டும் கலந்து அவருக்கென்று ஒரு பேச்சு உண்டாகியிருந்தது. எதைச் சொன்னாலும் கடைசியில் "கேட்டோ" என்று ஒன்றைச் சேர்ப்பார். அவருடைய ஒரே மகன் கென்யாவில், மொம்பாசாவில், வண்டி உதிரிபாகக் கடை ஒன்றில் வேலையாக இருப்பதாகச் சொன்னார்கள். அந்த ஆகஸ்டில் மகன் அழைத்து மாமா அங்கே போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். வந்த கையோடு அவனுக்கு என் தங்கையைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். முறைதான். தங்கைக்கும் விருப்பம் இல்லாமல் இல்லை. கேட்டபோது அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் பெண்ணைப் பெற்ற அத்தாவுக்குப் பயம். எங்களுக்குத் தெரிந்த மார்க்கையன்கோட்டைக் குடும்பம் ஒன்றில் மாப்பிள்ளை துபாயில் இருப்பதாகச் சொல்லி நிக்காஹ் முடித்தார்கள். அவன் துபாயைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பம்பாயில் ஒரு சலவைக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தான். பெண் மூன்றாம் மாதமே திரும்பி வந்துவிட்டாள். அதை நினைத்துக்கொண்டுதான் அத்தா என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான் சஃபாரி போனேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாக. எனக்குத் தெரிஞ்சு சஃபாரின்னா டெய்லர்கிட்டத் தைக்கிறது. நீ போயிப் பேச்சுக் குடுத்துப் பாரு. அவுக போனது நெசம்னா பையன் இருக்கறதும் நெசம்."

பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் பெண் கேட்டு வந்திருக்கிற மாமாவிடம் அதைக் கேட்பது அவர் முகத்தில் அடிப்பது போல. கேட்கக் கூடாது என்று நானும் அத்தாவும் பேசாமலே முடிவு செய்திருந்தோம். மரியாதை என்று அப்போது நினைத்தேன். கேட்காமல் ஒருவரைச் சோதிப்பது கேட்பதைவிட மோசமான அவமதிப்பு என்பது எனக்குத் தெரியவில்லை.

நான் போனதும் மாமா சந்தோஷமாகிவிட்டார். மாமி டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். மொம்பாசாவிலிருந்து அரை நாள் ஓட்டத்தில் இருந்தது அவர் போன சரணாலயம். ட்சாவோ என்று பெயர். மாமா அதை "சாவோ" என்று சொல்லச் சொல்ல, நல்ல காரியம் பேசுகிற நேரத்தில் வாயில் வேறு ஊர் வராதா என்று மாமி முணுமுணுத்தார். அங்கே யானையெல்லாம் சிவப்பு என்றார் மாமா. நான் தேக்கடியில் யானை பார்த்தவன். யானை சிவப்பாக இருக்குமா என்று உள்ளுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். வரிக்குதிரையைப் பற்றி அரை வாக்கியம்தான் சொன்னார். சிங்கம் தூங்கிக்கொண்டிருந்ததாம், பார்க்க ஒன்றுமில்லையாம். பேச்செல்லாம் அந்த வேன் ஓட்டியவனைப் பற்றியே இருந்தது. ஒரு வார்த்தைகூட இவருக்கும் அவனுக்கும் பொதுவாக இல்லை. ஆனாலும் முன்சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கியர் மாற்றுவதையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆப்பிரிக்கா வரை போய்விட்டு வந்த ஒருவர் டிரைவரைப் பற்றிப் பேசுவாரா என்று நான் இரண்டாவது கோட்டையும் போட்டேன்.

அப்புறம்தான் அதைச் சொன்னார்.

"ஒரு எடத்துல எஞ்சின ஆஃப் பண்ணிட்டான் மாப்ளே. எறக்கத்துல வண்டி தானா உருளுது. பிரேக்க ஒரே மிதியா மிதிக்கல, தொட்டுத் தொட்டு விடுறான், தூசி கெளம்பல. நேரா ஒரு மரத்தடியில கொண்டுபோயி நிப்பாட்டி, விரல மேல காமிச்சான். புலி, கேட்டோ. கெளையில கெடக்கு. அடிச்ச மானயும் மேல ஏத்திப் போட்டுட்டு, கால நாலு பக்கமும் தொங்கப் போட்டுக்கிட்டுக் கெடக்கு. என்னைத்தான் பாத்துச்சு."

அவருடைய கை அந்தரத்தில் அப்படியே நின்றது, மரக்கிளையைத் தொட்டுக்கொண்டிருப்பது போல. நான் முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டேன். ஆப்பிரிக்காவில் புலி கிடையாது. புத்தகம் படிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அன்று டைரியில் இரண்டு வரி எழுதினேன். ஆப்பிரிக்காவில் புலி பார்த்ததாகச் சொல்கிறார். புலி இரையை மரத்தில் ஏற்றியதாகவும் சொல்கிறார். இரண்டுக்கும் அடிக்கோடு. புலி இரையைத் தூக்கிக்கொண்டு மரம் ஏறாது என்பதால் இரண்டாவது வரிக்கு இரட்டைக் கோடு.

அத்தாவிடம் சொன்னேன். அவர், பிள்ளை இன்னும் படிக்க ஆசைப்படுகிறது என்று மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார். அதோடு நின்றிருந்தால் இரண்டு வீட்டுக்குள் முடிந்திருக்கும். நிற்கவில்லை. அலுவலகத்துக்குப் பக்கத்து டீக்கடையில் யாரோ சம்பந்தம் ஏன் முறிந்தது என்று கேட்க, நான் காரணத்தைச் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன் என்று இப்போது எழுதுகிறேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்த வாரமே மாமாவுக்கு ஆப்பிரிக்காப் புலி என்று பெயர் விழுந்துவிட்டது. ஜீப் ஸ்டாண்டில் அவர் வந்தால், புலி வருது, ஏணியை எடு, மரத்துல ஏறணும் என்பார்களாம். தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் வரை தெரிந்துபோயிற்று. மாமா அடுத்த ஆண்டே ஜீப்பை விற்றுவிட்டார். வயதாகிவிட்டது என்றார்கள்.

2004இல் அவர் மகன் வந்து போடியில் பெண் எடுத்து, அவளையும் மொம்பாசாவுக்கு அழைத்துக்கொண்டு போனான். அவள் அங்கிருந்து தன் அம்மாவுக்கு வாரம் ஒரு தரம் போன் செய்தாள். பையன் அங்கே இருந்தது உண்மைதான். இதைக் கேட்டபோது அத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். தங்கைக்கு அதற்கு முன்பே பெரியகுளத்தில் முடித்துவிட்டோம். நல்ல இடம்தான். ஆனால் என் சந்தேகம் சாகவில்லை, இடம் மாறிக்கொண்டது. மகன் இருப்பது உண்மை, அப்பா காட்டுக்குப் போனது பொய். மொம்பாசாவில் வீட்டுக்குள் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்து கதை அளந்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொள்ளாவிட்டால் வேறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

2009இல், மழை விட்ட ஒரு காலை, ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்துக்காகப் பெரியவர் ஒருவரிடம் விவரம் கேட்க வண்டன்மேட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நான் மலை ஏறுவது அபூர்வம். என் மலையாளம் கடைத்தெரு மலையாளம். தோட்டத்து வாசலில் காவலாளி ஒருவர், மலையாளி, அறுந்த நாய்ச்சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். புலி வந்து நாயைக் கொண்டுபோய்விட்டது என்றார். இங்கே புலி வருமா, வரிப்புலியா என்று கேட்டேன். அவர் என்னை விவரம் கெட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அது கடுவ. இது கடுவ அல்ல, புலியாணு" என்றார். பிறகு எனக்குப் புரியட்டும் என்று, சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு, ஈர மண்ணில் விரலால் புள்ளி புள்ளியாகக் குத்திக் காட்டினார்.

அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாம் சிறுத்தை என்று சொல்வது மலையாளத்தில் புலி. நாம் புலி என்று சொல்வது அவர்களுக்குக் கடுவ. முப்பது வருஷம் தோட்டத்து ஜனங்களோடு பேசிய மாமாவின் வாயில் எந்தப் புலி வரும் என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. சிறுத்தை இரையை மரத்தில் ஏற்றும். அது ஆப்பிரிக்காவில் நிறைய உண்டு. நான் இரட்டைக் கோடு போட்ட வரிதான் அவர் பார்த்ததற்குச் சாட்சி. திரும்பி வந்து நூலகத்தில் ட்சாவோவைத் தேடினேன். அங்கத்துச் செம்மண்ணைத் தும்பிக்கையால் அள்ளி மேலே போட்டுக்கொள்வதால் அந்த யானைகள் சிவப்பாகத் தெரியும் என்று எழுதியிருந்தது. டிரைவரைப் பற்றிப் பேசியது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதற்குப் புத்தகம் தேவையில்லை. பொய் சொல்கிறவன் சிங்கத்தைப் பற்றிச் சொல்வான். தூசி கிளம்பாமல் பிரேக் பிடித்ததைச் சொல்ல ஒரு ஜீப்காரன் அங்கே இருந்திருக்க வேண்டும்.

தங்கைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் பிள்ளை ஏதோ கேட்டு அழுதது. அதைச் சமாதானம் செய்துவிட்டு வந்து, "டைரியில திருத்திட்டியாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். கேலியா, நிஜமாகவே கேட்டாளா என்று குரலில் தெரியவில்லை.

எங்கள் தொழிலில் பத்திரத்தில் பிழை விழுந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதலாம். எழுதிக் கொடுத்தவரும் எழுதி வாங்கியவரும் வந்து கையெழுத்துப் போட்டால் போதும். நான் முதலில் டீக்கடைக்குத்தான் போனேன். மாமா பார்த்தது சிறுத்தை, அவர் சொன்னது சரி, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். பாதிப் பேருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதே தெரிந்திருக்கவில்லை. கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "சிறுத்தையின்னாலும் புலியின்னாலும் அவுக ஆப்பிரிக்காப் புலிதானப்பா, இனி மாத்திக் கூப்புட முடியுமா?" என்றார்.

பிறகு மாமா வீட்டுக்குப் போனேன். ஏழு வருஷம் கழித்து அந்த முன்னறைக்குள் நுழைகிறேன். மாமி உள்ளே போய்விட்டார், டீ வரவில்லை. மாமா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். நான் நடந்ததை வரிசையாகச் சொன்னேன், தேதி மாதம் உட்பட. காவலாளி மண்ணில் குத்திய புள்ளிகளைச் சொன்னபோது அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"புள்ளி இருந்தா புலி. வரி இருந்தா கடுவா. இது தெரியாமலா மாப்ளே பத்திரம் எழுதுறீக?"

முன்பு என்னை நீ என்றுதான் சொல்வார். இப்போது மரியாதை கொடுத்துப் பேசினார். அது எனக்கு உறைத்தது. மன்னிக்கச் சொன்னேன். அவர் கையை அசைத்தார். உங்கள் அத்தா பெண் தர மாட்டேன் என்றது தப்பில்லை, பெண்ணைப் பெற்றவர் பயப்படத்தான் செய்வார் என்றார். பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"பாஸ்போட்டு அந்த பீரோவுக்குள்ளதான் இருந்துச்சு. நீங்க முறுக்குத் தின்னுக்கிட்டிருந்தீகளே, உங்க முதுகுக்குப் பின்னாடி. ஒரு வார்த்தை கேட்டிருந்தா எடுத்துக் காமிச்சிருப்பேன். கோவிச்சிருக்க மாட்டேன்."

கேட்காமல் இருந்ததுதான் குற்றம் என்று அவரே சொல்லிவிட்டதால், இந்தத் தடவை கேட்கலாம் என்று தோன்றியது. அந்தக் காட்டைப் பற்றி அவரிடமிருந்து முழுதாகக் கேட்டுவிட வேண்டும், அவர் சொல்கிறபடியே எழுதிக்கொள்ள வேண்டும் என்று ஒரு ஆசை. பையிலிருந்து நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மரத்தடியில் வேன் நின்றதே, மேலே அந்தப் புலி எப்படி இருந்தது, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

மாமா என் நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை. அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"எந்தப் புலி மாப்ளே?" என்றார்.