ஒன்பதாவது பூச்சி

சனிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்குத் திருவண்ணாமலைக்கு வெளியே, திண்டிவனம் சாலையில் தற்காலிகமாகப் போட்டிருந்த பேருந்து நிலையத்தில் என்னை இறக்கிவிட்டார்கள். கிளாம்பாக்கத்திலிருந்து ஐந்து மணி நேரம். அதில் மூன்று மணி நேரம் என் தோளில் ஒருவர் தலை சாய்த்துத் தூங்கினார். செங்கல்பட்டு தாண்டும்போது எழுப்பினேன். மேல்மருவத்தூரில் மறுபடி சாய்ந்துவிட்டார். பௌர்ணமி என்று தெரிந்தே வந்தவன் கூட்டத்தைப் பற்றிக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனாலும் சொல்வேன். நான் கிரிவலத்துக்கு வரவில்லை, மீன் பிடிக்க வந்தேன்.

கையில் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய் வைத்திருந்தேன். நாலு துண்டாகக் கழற்றிய தூண்டில் கோல் அதற்குள் இருந்தது. "நாதஸ்வரமா சார்?" என்றார் ஆட்டோக்காரர். தூண்டில் என்றேன். மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடி அண்ணாமலைக்கு எவ்வளவு என்று கேட்டேன்.

"இன்னிக்கு கிரிவலப் பாதையில வண்டி வுட மாட்டாங்க சார். வெளிய சுத்திக்கினுதான் போவணும். அறநூறு குடுங்க."

"பத்து கிலோமீட்டர் கூட இருக்காதே!"

"பௌர்ணமி சார். நாளைக்கு வாங்க, எரநூறுக்கு வுடறேன்."

நாளைக்கு வந்து என்ன செய்ய? நாளைக்குப் பகலில் மீன் குழம்பு தயாராக இருக்க வேண்டும். கோபத்தில் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நடக்க ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். ஏழுமலையும் நானும் அம்பத்தூரில் ஒரே லேத் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர்கள். அவன் இப்போது சொந்த ஊரான அடி அண்ணாமலையில் கடை வைத்திருக்கிறான். மகனுக்குக் கீழ்பென்னாத்தூரில் பெண் பார்த்திருக்கிறது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்தால்தான் சம்மதம். அதுவரை காபி குடிக்கவே யோசிப்பார்கள். போன முறை வந்தபோது தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஏழுமலைக்கு ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை. கடைசியில் பெண்ணின் அப்பா காசிநாதன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் போனில் சொல்லியிருக்கிறார். "உங்க ஏரி மீனு ருசியா இருக்கும்னு சொல்றாங்களே" என்றும் சேர்த்துச் சொன்னாராம். ஏரி மீன் குத்தகைக்காரரிடம் சொன்னால் வலை போட்டுக் கொடுத்திருப்பார். என் வாய் சும்மா இருந்ததா? "வலை எதுக்குப்பா? நான் வந்து இறகுல ரெண்டு கட்லா புடிச்சித் தரேன்" என்றேன். அவனும் நம்பி, குத்தகைக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவர் வலையை எடுத்துக்கொண்டு வேறு ஏரிக்குப் போய்விட்டார்.

இறகு என்று சொன்னேன் அல்லவா? முள்ளின் மேல் கோழி இறகும் நூலும் சுற்றிப் பூச்சி போலச் செய்வது. புழு வேண்டாம், மாவு உருண்டை வேண்டாம். மீன் நிஜப் பூச்சி என்று நம்பி வாயைத் திறக்கும். பத்து வருடமாகச் செய்கிறேன். என் பெட்டியில் எட்டு வகைப் பூச்சிகள் இருக்கின்றன. லேத்தில் நூலளவு பிசகாமல் கடைந்தவனின் கை கட்டியவை. பெருமை இல்லாமல் இருக்குமா?

காலை ஏழரை. ஆசிரமம் தாண்டி, செங்கம் சாலையை விட்டுக் கிரிவலப் பாதையில் திரும்பிக் கொஞ்ச தூரத்தில் ஒரு வேனை நிறுத்தி அன்னதானம் போட்டார்கள். வெண்பொங்கல். நெய் விரலில் வழிந்தது, முந்திரி கூட இருந்தது. பசியில் ஒரு தட்டு முடித்து, வெட்கப்படாமல் இன்னொன்றும் வாங்கினேன். ஒலிபெருக்கி மட்டும் காதுக்குள்ளேயே கத்தியது. தட்டை எங்கே போடுவது என்று பரிமாறியவரைக் கேட்டேன்.

"அப்பிடி ஓரமா போடுங்க சாமி. டிராக்டர் வந்து அள்ளிக்கினு போயிடும்."

போட்டேன்.

ஒன்பதரைக்கு ஏழுமலை வீடு. கால் கொப்பளித்திருந்தது. அவன் மனைவி மல்லிகா இட்லி வைக்க வந்தார். வழியிலேயே இரண்டு தட்டுப் பொங்கல் சாப்பிட்டேன், வயிறு நிறைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஏழுமலை வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

"புடிச்சிடுவ இல்ல?"

"இன்னாய்யா சந்தேகம்?"

"சந்தேகம் இல்ல. பயம்."

மாலை நாலரை. ஊருக்குப் பின்னால் ஒன்றரை கிலோமீட்டரில் ஏரி. முந்தின நாள் பெய்த மழையில் பாதி ஏரிக்குமேல் தண்ணீர் நின்றது. கரையேறிப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஏரி முழுக்க மீன் எழும்பிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு வளையம், அங்கே ஒரு வளையம், கையெட்டும் தூரத்தில் ஒரு கட்லாவின் உதடு. அரை மணியில் இரண்டைப் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம் என்று கணக்குப் போட்டேன்.

மழைக்கு அடுத்த நாள் என்பதால் முதலில் ஈசல் கட்டினேன். சிறகு விரிந்து, சாகப்போகிற ஈசல் போலவே மிதந்தது. ஒரு கட்லா நேராக அதன் கீழே வந்தது. பார்த்தது. போய்விட்டது. அடுத்து கறுப்பு எறும்பு. அடுத்து பழுப்புத் தத்துக்கிளி. பச்சை, சாம்பல், மஞ்சள் என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். தூண்டில் நரம்பு தடியாகத் தெரிகிறதோ என்று மெல்லியது போட்டேன். என் பூச்சிக்கு ஒரு சாண் இடப்பக்கம் ஒன்று வாய் திறக்கும், ஒரு சாண் வலப்பக்கம் இன்னொன்று. என் பூச்சியை மட்டும் ஒதுக்கிவிடும். பந்தியில் ஒருவனை மட்டும் விட்டுவிட்டுப் பரிமாறுவது போல.

மீன் கிடைக்காத நாளில் எனக்குக் கோபம் வராது. தண்ணீர் சலனமில்லாமல் கிடந்தால் விதி என்று கோலைக் கழற்றி வைத்துவிடுவேன். இவை கண்ணெதிரே தின்றுகொண்டிருந்தன, அதுதான் பொறுக்கவில்லை. எட்டாவது பூச்சியையும் பார்த்துவிட்டு ஒரு கட்லா திரும்பியபோது, தண்ணீரில் ஒரு கல்லை விட்டெறிந்தேன். ஐம்பத்தொன்பது வயதில் செய்கிற காரியமா அது?

இருட்டும்போது ஏழுமலை வந்தான். காலிப் பையைப் பார்த்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம்.

"கோழி அடிச்சிடலாம்" என்றான் வழியில்.

"கோழி கீழ்பென்னாத்தூர்ல கெடைக்காதா? ஏரி மீனுன்னுதான அவரு சொன்னாரு?"

"அதத்தான்யா நானும் அன்னிக்கு உன்கிட்ட சொன்னேன்."

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு மறுபடி கரையில் நின்றேன். மீன்கள் நேற்று விட்ட இடத்திலிருந்து எழும்பிக்கொண்டிருந்தன. இந்த முறை கோலைத் தொடவில்லை. நேற்று முதலில் செய்திருக்க வேண்டியதை இன்று செய்தேன்: குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். பூச்சியைத் துரத்திப் பிடிக்கிற மீன் தண்ணீரைத் தெறிக்க விடும். இவை தெறிக்க விடவில்லை. உதடு மட்டும் மெதுவாக மேலே வந்து, உறிஞ்சிவிட்டு இறங்கியது. அவசரமே இல்லை. அப்படியானால் இவை தின்பது பறக்காது, நீந்தாது, தப்பித்து ஓடாது. நானோ நேற்று முழுக்கச் சிறகும் காலும் கட்டிய பூச்சிகளைப் போட்டுப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். முட்டாள்! பத்து வருடம் பூச்சி கட்டியும் மீன் என்ன தின்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

துண்டை விரித்துத் தண்ணீரின் மேல்பரப்பில் அரித்து எடுத்தேன். வெள்ளை வெள்ளையாய் ஒட்டிக்கொண்டு வந்தது. ஊறிய பொரி, சோற்றுப் பருக்கை, பொடிப்பொடியாய் வெள்ளைத் துணுக்குகள். காற்று வரும் பக்கம் பார்த்தேன். எதிர்க்கரைச் சரிவில் நேற்றைய அன்னதானத்தின் மிச்சம் ஒரு டிராக்டர் லோடு கொட்டிக் கிடந்தது. பாதி தண்ணீருக்குள் சரிந்திருந்தது. அதற்குக் கீழே போன பௌர்ணமி, அதற்கும் முந்தின பௌர்ணமி. மாதா மாதம் விருந்து வைத்துப் பழக்கியிருக்கிறார்கள். என் ஈசலை இவை ஏன் சீண்டப் போகின்றன?

பொரி போலக் கட்ட வேண்டும், மிதக்க வேண்டும். என்னிடம் வெள்ளை இறகு இல்லை. காலடியில் உடைந்த தெர்மாகோல் தட்டு ஒன்று கிடந்தது. ஒரு துணுக்கைக் கிள்ளி, பிளேடால் பொரி அளவுக்குச் செதுக்கி, முள்ளின் மேல் வெள்ளை நூலால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். பூச்சி என்று சொல்லவே வெட்கம். வீசிவிட்டு இழுக்காமல் அப்படியே விட்டேன்.

பத்து எண்ணியிருப்பேன். உதடு வந்தது, உறிஞ்சியது, கோல் வளைந்தது.

ஏழு மணிக்குள் இரண்டு கட்லா, ஒவ்வொன்றும் இரண்டு கிலோ பக்கம். ஓட்டமும் நடையுமாக வந்தேன். ஏழுமலை வாசலிலேயே என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். மீன் வாடையோடு.

மல்லிகா பின்கட்டில் அரிவாள்மனையைப் போட்டு முதல் மீனின் வயிற்றைக் கீறினார்.

"அண்ணா, இங்க வாங்களேன். மீனு ஜவ்வரிசி துன்னுமா?"

குடல் முழுக்கப் பளபளவென்று வெள்ளை மணிகள். ஒரு பிடி அளவு இருக்கும். விரலால் நசுக்கிப் பார்த்தேன். நசுங்கவில்லை. கிண்ணத்துத் தண்ணீரில் போட்டேன். அத்தனையும் மிதந்தது. இரண்டாவது மீனிலும் அதே.

"பொரி இல்ல. தட்டு. தெர்மாகோல் தட்டத் துன்னிருக்குது" என்றேன். பிறகு கத்த ஆரம்பித்துவிட்டேன். புண்ணியம் தேட வருகிறவன் இப்படியா ஏரியை நாசம் செய்வான், சோறு போடுகிற கையாலேயே விஷத்தையும் போடுவானா, இவன்களை எல்லாம் மலையைச் சுற்ற விடக் கூடாது என்று தெரு கேட்கக் கத்தினேன்.

மல்லிகா கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தார்.

"நேத்து ரெண்டு தட்டு பொங்கல் சாப்ட்டேன்னீங்களே. எதுல போட்டுக் குடுத்தாங்க?"

மீனை மண்ணில் புதைத்தோம்.

பதினொன்றரைக்குப் பெண் வீட்டார் ஐந்து பேர் வந்தார்கள். கத்திரிக்காய்க் காரக்குழம்பு, அவித்த முட்டை, ரசம், மோர் தயாராக இருந்தன. காசிநாதன் உட்கார்ந்ததும் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"என்னா சம்பந்தி, மீன் வாசனையே காணம்?"

சம்பந்தி என்று கூப்பிட்டுவிட்டார். அந்தச் சந்தோஷத்தைக் கூட அனுபவிக்க முடியாமல் ஏழுமலை அடுப்படிப் பக்கம் திரும்பினான். வாக்குக் கொடுத்தவன் நான். உள்ளே போய் அந்தக் கிண்ணத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னால் வைக்கிற பொருளா அது? ஏழுமலை என்னைப் பார்த்த பார்வையில் இருபத்திரண்டு வருட சிநேகம் முடிந்தது என்றே நினைத்தேன்.

"உங்களுக்குன்னு புடிச்ச மீனோட வயித்துல இருந்துச்சிங்க. அன்னதானத் தட்டு" என்றேன். "நானும் அதுலதான் துன்னுட்டுப் போட்டேன்."

காசிநாதன் கிண்ணத்தை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். அவர் மனைவி ஏதோ சொல்ல வந்தார். கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்க ஊர்லேருந்தும் வேன் வருது" என்றார் கடைசியில். "போன பௌர்ணமிக்கு நானே நின்னு பரிமாறுனேன். எலைய வுட இதுதான் வெல கம்மின்னு வாங்கியாந்தது நான்தான்." கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஏரில போய் கொட்டுவாங்கன்னு தெரியாது. கேக்கவும் இல்ல."

எழுந்தார். போகிறார் என்றே நினைத்தேன். அவர் தோட்டத்துப் பக்கம் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, வாழை இலை முன்னால் உட்கார்ந்தார்.

"மோர் இருந்தா ஊத்துங்க சம்பந்தி. மீனு வாணாம்."

கை நனைத்துவிட்டார். ஏழுமலை மோர்ச் சொம்போடு அவர் பக்கத்திலேயே நின்றான்.

மாலை நாலு மணிக்குச் சென்னைப் பேருந்து. இந்த முறை ஆட்டோவுக்கு இருநூறுதான். ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. இருந்தும் கோபம் இறங்கவில்லை. யார் மேல் என்று கேட்டால் வரிசை பெரியது. என் பெயரும் அதில் இருக்கிறது, நடுவில் எங்கோ இல்லை, முதலிலேயே. அம்பத்தூர் ஏரியைத் தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறவன் நான். அது நகரத்தின் சாபம், வெளியூர் ஏரி சுத்தமாக இருக்கும் என்ற நினைப்பில்தான் அவ்வளவு வாய் பேசினேன்.

கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் பெட்டியைத் திறந்தேன். எட்டு வகைப் பூச்சிகள் வரிசையாக, ஒரு இறகு கலையாமல் இருந்தன. ஓரத்தில் அந்த ஒன்பதாவது, கட்லாவின் பல்லில்லாத வாயில் நசுங்கியும் வெள்ளை குறையாமல் கிடந்தது. இதை இன்னொரு ஏரியில் போட மாட்டேன். எறிந்துவிடலாம் என்று முள்ளைக் கழற்றித் துணுக்கை விரலில் எடுத்து ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினேன்.

வெளியே வயல், வாய்க்கால், அதை ஒட்டி ஒரு ஏரி.

கையை உள்ளே இழுத்துக்கொண்டேன். சென்னை வரும்வரை அது என் உள்ளங்கையில்தான் இருந்தது. இப்போது வீட்டில், மேசை மேல் இருக்கிறது. எங்கே போடுவது என்று தெரியவில்லை.